போகியில் தப்பிய பாட்டுப் புத்தகங்கள்... வடலூர் பரணில் கிடைத்த தமிழ் சினிமா!

வடலூர்க்காரர்களிடம் 'திரை' என்று சொன்னால் முதலில் சினிமா நினைவுக்கு வராது. சத்திய ஞான சபையின் ஏழு திரைகள்தான் வரும். கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு நிறம் என்று ஒவ்வொன்றாக விலகி ஜோதி தெரியும் தைப்பூசத்துக்கு, ஊரே ஒரு மாதம் முன்பிருந்து தயாராகும். அதற்கு முன்னால் போகி வந்துவிடும். பரண் சுத்தம் செய்யும் வேலையும் வந்துவிடும்.

இந்த வருடம் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து இறங்கியது ஒரு டிரங்குப் பெட்டி. துருப்பிடித்த மூடியைத் திறந்தால் பழுப்பேறிய மெல்லிய தாள்கள், கட்டுக் கட்டாக. பழைய பேப்பர்தானே என்று வாசலில் கொளுத்தப்போகும் குவியலோடு சேர்த்து வைத்துவிட்டேன். நல்லவேளை, காபி குடிக்க வெளியே வந்த மாமா பார்த்துவிட்டார். என் மாமனார் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது.

"அது குப்பை இல்லம்மா. பாட்டுப் புத்தகம்!"

நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தெரிந்திருக்கும். சின்னவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தியேட்டர் வாசலிலும் இடைவேளையிலும் சில்லறைக் காசுக்கு விற்ற சிறு பிரசுரம். அட்டையில் நாயகன், நாயகி படம். உள்ளே நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம். கதை சரியாக ஒரு சிக்கலான இடத்துக்கு வந்ததும் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்திவிடுவார்கள். பிறகு வரிசையாகப் பாடல்கள். 1930, 40-களின் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ராகம், தாளம்கூட அச்சிட்டிருக்கும், கச்சேரிக்குப் போகிற மாதிரி.

என் மகன் ஒன்பதாம் வகுப்பு. அவனுக்கு நெய்வேலி சினிமா என்றால் 2020 பிப்ரவரியில் 'மாஸ்டர்' படப்பிடிப்பின்போது வண்டி மேல் ஏறி நின்று விஜய் எடுத்த செல்ஃபிதான். அவன் ஒரு புத்தகத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டான்: "என்ன தாத்தா, ஒரே படத்துல இவ்ளோ பாட்டு! நடுவுல எப்ப சண்டை போடுவாங்க?"

அந்தக் கேள்வியில் ஆரம்பித்ததுதான் எங்கள் வீட்டின் பொங்கல் விடுமுறை. தாத்தா சொல்லச் சொல்ல, பேரன் போனில் சரிபார்த்தான். நான் குறிப்பெடுத்தேன்.

ஐம்பது பாட்டு, பேச நேரமில்லை!

தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்', 1931 அக்டோபர் 31-ல் வெளிவந்தது. 'பேசும் படம்' என்று பெயரே தவிர, அது பாடும் படம்தான். ஐம்பது பாடல்கள் வரை இருந்ததாகச் சொல்வார்கள். இயக்கியவர் எச்.எம்.ரெட்டி. நாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். யாரும் குறை சொல்லவில்லை. திரை பாடுகிறதே, அது போதாதா! காளிதாசன் கதைக்கு நடுவில் காந்தியின் ராட்டையைப் பற்றிய பாட்டும் உண்டு. பாடல்களை எழுதியவர் மதுரை பாஸ்கரதாஸ். சென்னையில் கினிமா சென்ட்ரல் தியேட்டரில் படம் வெளியானது. படப்பெட்டியை ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள், மக்கள் பூத்தூவித் தேங்காய் உடைத்தார்கள் என்றெல்லாம் கதை உண்டு.

அதே வருடம் மார்ச்சில் வந்த முதல் இந்திப் பேசும் படம் 'ஆலம் ஆரா'வில் வெறும் ஏழு பாட்டு. அடுத்த வருடமே 'இந்திரசபா' என்ற இந்திப் படம் ஏறத்தாழ எழுபது பாடல்களோடு வந்து எல்லாரையும் ஓரங்கட்டிவிட்டது. இன்னொரு ஆச்சரியம் கேளுங்கள். இந்தியின் முதல் பேசும் படம், தமிழின் முதல், தெலுங்கின் முதல் 'பக்த பிரகலாதா', இந்த மூன்றிலும் நடித்த ஒருவர் உண்டு. பிற்காலத்தில் பெயர்பெற்ற இயக்குநராகவும் தயாரிப்பாளராகவும் ஆன எல்.வி.பிரசாத்!

இதில் மனசைப் பிசைகிற செய்தி ஒன்றும் இருக்கிறது. 'காளிதாஸ்' படத்தின் பிரதி இன்று எங்கேயும் இல்லை. 'ஆலம் ஆரா'வும் இல்லை. அன்றைய படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகை. எரிந்தது பாதி, வெள்ளிக்காக உருக்கப்பட்டது கொஞ்சம், ஈரத்தில் அழுகியது மீதி. அந்தக் காலப் படங்கள் பலவற்றுக்கு நம்மிடம் மிஞ்சியிருப்பது நாலு புகைப்படமும் ஒரு பாட்டுப் புத்தகமும்தான். மாமா ஏன் அப்படிச் சத்தம் போட்டார் என்று எனக்கு இந்த இடத்தில்தான் புரிந்தது.

1934-ல் வந்த 'சீதா கல்யாணம்' ஒரு குடும்பப் படம், அதாவது நிஜக் குடும்பத்தின் படம். ராமராக நடித்தவர் எஸ்.ராஜம், சீதையாக அவருடைய சொந்தத் தங்கை ஜெயலட்சுமி. ஜனகராக அவர்களின் அப்பா சுந்தரம் ஐயர். அண்ணனும் தங்கையும் ராமர், சீதையாக நடித்ததைக் கேட்டு என் அத்தை காதைப் பொத்திக்கொண்டார். அதில் ராவணன் சபையில் கஞ்சிரா வாசித்துக்கொண்டு ஒரு பொடியன் வருவான். தம்பி பாலசந்தர். இந்தப் பையனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருடம் கழித்து ஒரு வேலை செய்யப்போகிறான்.

அதே 1934-ல் 'பவளக்கொடி' மூலம் வந்தார் எம்.கே.தியாகராஜ பாகவதர். அதிலும் சுமார் ஐம்பது பாட்டு. என் மகனின் கேள்விக்குப் பதில் இதுதான்: அப்போது படத்துக்கு நடுவில் பாட்டு வரவில்லை. பாட்டுக்கு நடுவில் கொஞ்சம் படம் வந்தது. நாடக மேடையில் மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை கேட்கப் பாடியவர்கள்தான் சினிமாவுக்கு வந்தார்கள். நடிப்பு வருமா என்று பிறகுதான் பார்த்தார்கள்.

லட்ச ரூபாய் நந்தனார்

எங்கள் ஊரிலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாகப் போனால் சிதம்பரம். அந்தக் கோயில் வாசலுக்கு ஏங்கிய நந்தனாரின் கதை தமிழ் சினிமாவை விடாமல் துரத்தியிருக்கிறது.

1935-ல் 'பக்த நந்தனார்'. நந்தனாராக நடித்தது ஒரு பெண், கே.பி.சுந்தராம்பாள். கணவர் எஸ்.ஜி.கிட்டப்பா 1933-ல் காலமானபோது அவருக்கு வயது இருபத்தைந்து. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு ஒதுங்கியிருந்தவர், இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தார். அப்படியும் நடிக்க அழைத்தபோது வாங்கிய சம்பளம் ஒரு லட்ச ரூபாய். இன்றைக்குக் கோடிக் கணக்கில் சம்பளம் பேசுகிறோம், ஆனால் 1935-ன் லட்சத்துக்கு முன்னால் அதெல்லாம் எந்த மூலைக்கு! அதில் வேதியராக நடித்தவர் கர்நாடக சங்கீத மேதை மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். கதைப்படி வேதியர் நந்தனாரின் காலில் விழ வேண்டும். ஒரு பிராமண வித்வான் சுந்தராம்பாள் காலில் விழுவதா என்று அன்றைக்குப் பெரிய சர்ச்சையே நடந்தது.

1942-ல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' படத்தில் எம்.எம்.தண்டபாணி தேசிகர். இந்த முறை வேதியர் செருகளத்தூர் சாமா. தேசிகர் பிற்பாடு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத் துறைக்குத் தலைமை வகித்தார். சினிமாவில் தில்லைக்கு ஏங்கியவர் நிஜத்தில் தில்லையிலேயே வந்து பாடம் நடத்தினார்.

எங்கள் வள்ளலாரையும் சினிமா விட்டுவைக்கவில்லை. 1939-லேயே 'ஜோதி' என்ற பெயரில் அவர் வாழ்க்கை படமானது. பிறகு 1971-ல் ஏ.டி.கிருஷ்ணசாமி 'அருட்பெருஞ்ஜோதி' எடுத்தார், மாஸ்டர் ஸ்ரீதர் நடித்தார். இரண்டாவது படத்தைப் பார்த்த பெரியவர்கள் ஊரில் இருக்கிறார்கள். முதல் படத்தைப் பார்த்தேன் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. மாமாவின் பெட்டியிலும் 'ஜோதி' பாட்டுப் புத்தகம் இல்லை. "எங்க அம்மா வச்சிருந்தாங்க" என்று மட்டும் சொன்னார். இரண்டு முறை பெட்டியின் அடிவரை தேடினார்.

ஒரு பத்திரிகைக்காக நாரதர் வேஷம்

குடும்பப் பத்திரிகை படிக்கிற நமக்கு நெருக்கமான செய்தி இது. 1941-ல் வந்த 'சாவித்திரி' படத்தில் நாரதராக, ஆண் வேடத்தில், எம்.எஸ்.சுப்புலட்சுமி நடித்தார். வேடத்தின் மேல் ஆசைப்பட்டு ஒப்புக்கொண்டது இல்லை. கணவர் சதாசிவமும் எழுத்தாளர் கல்கியும் சேர்ந்து தொடங்கவிருந்த 'கல்கி' பத்திரிகைக்கு முதலீடு வேண்டியிருந்தது. அந்தச் சம்பளம் பத்திரிகைக்குப் போனது. படத்தில் சாவித்திரியாக நடித்தவர் மராத்தி நடிகை சாந்தா ஆப்தே. இந்தப் படத்துக்காகவே தமிழ் கற்றுக்கொண்டு சொந்தக் குரலில் பாடினார்.

எம்.எஸ்.ஸின் கடைசிப் படம் 1945-ன் 'மீரா'. இயக்கிய எல்லிஸ் ஆர்.டங்கன் ஓர் அமெரிக்கர், தமிழ் தெரியாது. எம்.எஸ்.ஸின் முகம் எந்த வெளிச்சத்தில் எப்படித் தெரியும் என்று கண்டுபிடிக்க, அவர் முகத்தைப் போலவே ஒரு மார்பளவுச் சிலை செய்து வைத்துக்கொண்டு விளக்குகளை மாற்றி மாற்றிப் பார்த்தார்களாம். பாட்டுக்குப் பஞ்சமில்லாத படத்தில் வெளிச்சத்துக்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள்.

இதற்கு நடுவில் 1944 தீபாவளிக்கு வந்தது 'ஹரிதாஸ்'. சென்னை பிராட்வே தியேட்டரில் 110 வாரம். மூன்று தீபாவளி பார்த்த படம் என்று மாமா சொல்லும்போது, ஏதோ தானே டிக்கெட் கிழித்த மாதிரி ஒரு பெருமை. படம் ஓடிக்கொண்டிருந்தபோதே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் சிறைக்குப் போனார். 1947-ல் விடுதலையானபோது காலம் மாறியிருந்தது. வசனத்துக்கு மவுசு ஏறிக்கொண்டிருந்தது.

பாகவதரின் போட்டியாளர் பி.யு.சின்னப்பா அதே 1944-ல் 'ஜகதலப்பிரதாபன்' படத்தில் ஒரே காட்சியில் ஐந்து பேராக உட்கார்ந்து கச்சேரி செய்தார். பாடகரும் அவரே, பக்கவாத்தியங்களும் அவரே. கம்ப்யூட்டர் கிடையாது. ஒரே பிலிமை மறுபடி மறுபடி ஓட்டி எடுத்த தந்திரம். இருபத்தோரு வருடம் கழித்து 'திருவிளையாடல்' படத்தில் சிவாஜி பல உருவங்களில் வாசித்து அசத்தியதற்கு இதுதான் அண்ணன்.

முகம் ஒருவர், குரல் ஒருவர்

மாமாவின் புத்தகங்களில் நான் முதலில் கவனிக்காத ஒன்றை என் மகன் கவனித்தான். நிறையப் பாட்டுகளுக்கு ஓரத்தில் பென்சிலில் சின்னதாக ஒரு பெயர். மாமாவின் கையெழுத்து.

"அச்சுல நடிகர் பேர் இருக்கும், எழுதினவர் பேர் இருக்கும். பாடினவங்க பேர் பல புத்தகத்துல இருக்காது. ரேடியோல சொல்லும்போது கேட்டு எழுதிக்குவேன்" என்றார் சாதாரணமாக.

அதன் பின்னணியைத் தேடினேன். பின்னணி பாடுவது தமிழில் 1938-ல் 'நந்தகுமார்' படத்தில் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். ஏ.வி.மெய்யப்பன் தயாரித்த படம். நடிகை வாயசைக்க, லலிதா வெங்கட்ராமன் என்பவர் பாடினார். அதில் கிருஷ்ணனாக அறிமுகமான பையன் டி.ஆர்.மகாலிங்கம்.

1945-ல் மெய்யப்பனே 'ஸ்ரீவள்ளி' எடுத்தார். முருகனாக மகாலிங்கம். வள்ளியாக குமாரி ருக்மணி, நடிகை லட்சுமியின் அம்மா. மகாலிங்கத்தின் உச்சஸ்தாயிக்கு முன் ருக்மணியின் குரல் எடுபடவில்லை என்று மெய்யப்பனுக்குத் தோன்றியது. ஆனால் படம் எடுத்து முடித்தாகிவிட்டது. அவர் விடவில்லை. வேறொரு பாடகியை வரவழைத்து, ஏற்கெனவே படமாக்கிய வாயசைவுக்குப் பொருந்தும்படி எல்லாப் பாட்டையும் மறுபடி பாடவைத்துச் சேர்த்தார். இன்று நாம் டப்பிங் என்கிறோமே, அதைவிடக் கடினமான வேலை. படம் பிரமாதமாக ஓடியது.

அந்தப் பாடகி பி.ஏ.பெரியநாயகி. எங்கள் பக்கத்து ஊர், பண்ருட்டிக்காரர்! பலாப்பழத்துக்கும் முந்திரிக்கும் பண்ருட்டியைச் சொல்கிற நாங்கள், இந்தப் பெயரைச் சொல்லி வளர்ந்ததில்லை. என் மாமியாரின் பிறந்த வீடும் பண்ருட்டிதான். அவருக்கும் தெரியவில்லை. மாமாவின் அம்மா மட்டும் 'ஸ்ரீவள்ளி' புத்தகத்தை வாங்கிப் பத்திரப்படுத்தி இருக்கிறார். அட்டையே இல்லை. உள்ளே முதல் பாட்டுக்குப் பக்கத்தில் பென்சிலில் 'பெரியநாயகி' என்று இருக்கிறது. இது மாமாவின் எழுத்து இல்லை, அவர் அம்மாவினுடையது.

இது நம்மூர்க் கதை மட்டும் இல்லை. ஹாலிவுட்டில் 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்ன், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நடாலி வுட், 'தி கிங் அண்ட் ஐ'யில் டெபோரா கெர் என மூன்று பெரிய நடிகைகளுக்கும் பாடியது ஒரே பெண், மார்னி நிக்சன். படத்தில் அவருக்குப் பெயர் போடவில்லை. 1952-ன் 'சிங்கிங் இன் த ரெய்ன்' படத்தின் கதையே, குரல் கொடுத்த பெண்ணின் பெயரை மறைத்து இன்னொருத்தி புகழ் வாங்குவதைப் பற்றித்தான். திரைக்குப் பின்னால் நடந்தது என்ன தெரியுமா? குரல் கொடுப்பவளாக நடித்த டெபி ரெனால்ட்ஸுக்கே ஒரு பாட்டில் பெட்டி நாய்ஸ் என்ற பாடகி குரல் கொடுத்தார். அவருக்கும் படத்தில் பெயர் கிடையாது!

மாமா சொன்ன ரேடியோ எது என்று ஊகித்திருப்பீர்கள். இலங்கை வானொலி. 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. அகில இந்திய வானொலியில் அது ஏறக்குறைய காணாமல் போனது. நம் ஆட்கள் ஊசியைத் திருப்பி இலங்கைக்குப் போய்விட்டார்கள். 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கித்தான் இழந்த காதுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்க வேண்டியிருந்தது. அதே 1957-ல்தான் நெய்வேலியில் சுரங்க வேலையை நேரு தொடங்கிவைத்தார். பிறகு டவுன்ஷிப் வளர்ந்து, பல ஊர் ஆட்கள் வந்து குடியேறி, ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் டிரான்சிஸ்டரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இலங்கை அறிவிப்பாளர்கள் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசை என்று அத்தனையும் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். மாமாவின் பென்சில் அந்தச் சில நொடிகளில் ஓடியிருக்கிறது.

முரசு, வீணை, நாதஸ்வரம்

1947 ஜனவரியில், சுதந்திரத்துக்கு ஏழு மாதம் முன்பே 'நாம் இருவர்' படத்தில் விடுதலை வந்துவிட்டதாக பாரதி பாட்டுக்கு ஆடினார் குமாரி கமலா. பாடியவர் டி.கே.பட்டம்மாள். 1948-ல் வாசனின் 'சந்திரலேகா', பிரம்மாண்ட முரசுகள் மேல் பெண்கள் ஆடும் நடனம். அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம் என்பதால் கடந்துபோகிறேன். அதே ஜெமினி ஸ்டுடியோவில் எடுக்கப்பட்ட உதய் சங்கரின் இந்தி நடனப் படம் 'கல்பனா'வைப் பற்றி மட்டும் ஒன்று. அதன் பிரதி புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பிழைத்திருந்தது. மார்ட்டின் ஸ்கோர்செஸி தொடங்கிய அறக்கட்டளை அதைச் சீர்செய்து, 2012-ல் கான் விழாவில் திரையிட்டது. ஒரு பெட்டியை யாரோ எறியாமல் வைத்திருந்ததால் நடந்தது.

இப்போது அந்தக் கஞ்சிராப் பொடியனுக்கு வருவோம். அப்பா, அண்ணன், அக்கா எல்லாருமாகப் பாட்டுப் படத்தில் நடித்த வீட்டுப் பிள்ளை எஸ்.பாலசந்தர், வளர்ந்து வீணை மேதையானார். இடையில் 1954-ல் ஏவிஎம்முக்காக ஒரு படம் இயக்கினார், 'அந்த நாள்'. தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம்! சங்கீதம் தெரியாதவர் அதைச் செய்திருந்தால் கோளாறு என்று சொல்லியிருப்பார்கள். எங்கே பாட்டு வேண்டாம் என்பதும் பாட்டு தெரிந்தவருக்குத்தானே தெரியும்.

1962-ன் 'கொஞ்சும் சலங்கை'யில் காருக்குறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தோடு போட்டிபோட்டுப் பாடி எஸ்.ஜானகி ஊரை வாயடைக்க வைத்தார். இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு. 1965-ன் 'திருவிளையாடல்' ஒரு மறு சந்திப்பு மாதிரி. 1935-ன் லட்ச ரூபாய் சுந்தராம்பாள் ஔவையாராக வந்தார். 1938-ன் அறிமுகப் பையன் மகாலிங்கம் பாணபத்திரராக வந்தார். ஹேமநாத பாகவதராக நடித்த டி.எஸ்.பாலையாவுக்கு பாலமுரளிகிருஷ்ணாவின் குரல். மூன்று தலைமுறை இசையை ஒரே கொட்டகைக்குள் ஏ.பி.நாகராஜன் உட்கார வைத்திருந்தார்.

அவரே 1968-ல் எடுத்த 'தில்லானா மோகனாம்பாள்', கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை. திரைக்குப் பின்னால் வாசித்தவர்கள் மதுரை சகோதரர்கள் எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி. சிவாஜியின் விரலும் கன்னமும் வாசிப்போடு எப்படி அப்படிப் பொருந்துகின்றன என்று இன்றும் நாதஸ்வர வித்வான்களே வியப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் இந்தப் படம் டிவியில் வந்தால் யாரும் எழுந்து போகக் கூடாது என்பது எழுதாத சட்டம்.

புத்தகம் கேசட் ஆனது

1976-ல் 'அன்னக்கிளி'யோடு இளையராஜா வந்தார். அதற்குப் பிறகான கதை உங்களுக்கே தெரியும், நான் சொல்லவா வேண்டும்! இசையையே கதையாக வைத்த படங்களை மட்டும் சொல்கிறேன். 1980-ல் 'சங்கராபரணம்' என்ற தெலுங்குப் படத்தைத் தமிழ்நாடு மொழி பார்க்காமல் கொண்டாடியது. முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்காத எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு, சாஸ்திரிகளின் குரலாகப் பாடியதற்கு முதல் தேசிய விருது கிடைத்தது. 1985-ல் 'சிந்து பைரவி'க்கு மூன்று தேசிய விருதுகள், இளையராஜாவுக்கும் சுஹாசினிக்கும் கே.எஸ்.சித்ராவுக்கும். சித்ராவுக்கு அது முதல் தேசிய விருது. நாட்டுப்புறப் பாட்டில் தொடங்கி தியாகராஜர் கீர்த்தனையில் போய் முடியும் அந்த மேடைக் காட்சி, மாமா வீட்டுச் சண்டைகளில் இன்றும் சாட்சிக்கு வரும். அத்தை நாட்டுப்புறக் கட்சி.

1989-ன் 'கரகாட்டக்காரன்' தில்லானாவின் கிராமத்துப் பேரன். 1994-ல் 'டூயட்'டில் கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோன். 2019-ல் மிருதங்கத்தை வைத்து ராஜீவ் மேனனின் 'சர்வம் தாள மயம்'. அதே 2019 தீபாவளிக்கு 'கைதி' வந்தது, பாட்டே இல்லாமல். 'ஹரிதாஸ்' வந்த தீபாவளியிலிருந்து எண்ணிப் பாருங்கள், சரியாக 75 வருடம்.

இந்தக் கணக்கைச் சொன்னதும் என் மகன், "அப்ப பாட்டு முடிஞ்சுடுச்சா?" என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டு படத்தைவிட்டு இறங்கி போனுக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான். என் கவலை வேறு. பாட்டுப் புத்தகத்தில் எழுதியவர் பெயர் இருந்தது, பாடியவர் பெயர் பல நேரம் இல்லை. எண்பதுகளில் கேசட் வந்தபோது அட்டையில் இரண்டு பெயரும் இருந்தன. இப்போது போனில் ஒரு பாட்டைத் தட்டினால் பாடியவர் பெயர் ஓடுகிறது. எழுதியவர் பெயரைப் பல நேரம் தேட வேண்டியிருக்கிறது. 29 வயதில் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாட்டை, இசையமைப்பாளர் பெயரை மட்டும் காட்டிக்கொண்டு என் போன் பாடியபோது கொஞ்சம் கோபமாகவே வந்தது.

பெட்டிக்குள் இருப்பதை என்ன செய்வது?

இப்படிப்பட்ட தாள்களைச் சேர்ப்பதையே வாழ்க்கையாக வைத்திருந்தவர்கள் உண்டு. 'ஃபிலிம் நியூஸ்' ஆனந்தன் ஸ்டில்கள், பாட்டுப் புத்தகங்கள், தகவல்கள் என்று சேர்த்தே ஒரு வரலாற்றை உண்டாக்கினார். அவருடைய சேகரிப்பைத் தமிழக அரசு வாங்கியது. 2016-ல் காலமானார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்கள்தான் 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயின. சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் அங்கே இருக்கின்றன. நூலகம் தரமணியில் இருக்கிறது.

நூலகத்துக்குக் கொடுத்துவிடலாமா என்று மாமாவிடம் கேட்டேன். "முதல்ல போட்டோ எடுத்துக்கலாம்" என்றார். கொடுப்பதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. என் மகன் நாலு நாள் உட்கார்ந்து, ஜன்னலோரம் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு பக்கமாகப் போனில் எடுத்தான். ஃபிளாஷ் போடாதே, தாளை முழுக்க விரிக்காதே, மடிப்பில் உடையும் என்று பக்கத்திலேயே தாத்தா. பென்சில் எழுத்து படத்தில் தெரிகிறதா என்று ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார்கள். வேப்பிலையும் மிளகும் துணியில் முடிந்து பெட்டிக்குள் போட்டு மறுபடி மூடியிருக்கிறோம். பரணில் இல்லை, மாமாவின் கட்டிலுக்கு அடியில்.

தைப்பூசத்துக்கு வந்த உறவினர்களிடமெல்லாம் மாமா ஒன்று கேட்டார். மருவத்தூரிலோ குறிஞ்சிப்பாடியிலோ பண்ருட்டியிலோ யார் வீட்டிலாவது 1939-ன் 'ஜோதி' பாட்டுப் புத்தகம் இருக்கிறதா என்று. இதுவரை இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் அடுத்த போகிக்கு முன் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

'ஸ்ரீவள்ளி' புத்தகத்தில் கடைசிப் பக்கத்துப் பாட்டு ஒன்றுக்கு எதிரே, மாமாவின் அம்மா பென்சிலில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறார். யார் பாடியது என்று அவர் கேட்டாரா, பிடிக்கவில்லை என்று போட்டாரா தெரியவில்லை. என் மகன் அந்தப் பக்கத்தைத்தான் தன் போனின் முகப்புப் படமாக வைத்திருக்கிறான்.